ஏசி மேல் போட்ட பழி

எங்கள் படுக்கையறையில் ஏசி மாட்டிய அன்று ஆரம்பித்த சண்டை இருபது வருஷமாக நடக்கிறது. எனக்கு இருபத்திரண்டு டிகிரி வேண்டும். என் மனைவிக்கு இருபத்தேழு. நடுவில் இருக்கும் ஐந்து டிகிரியில்தான் எங்கள் தாம்பத்தியத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. நான் கண் அசந்ததும் அவள் ஏற்றுவாள். அவள் சமையலறைக்குப் போனதும் நான் இறக்குவேன். ரிமோட்டில் பட்டன் தேய்ந்துபோய் வேறு வாங்கப் போனபோது கடைக்காரர், "இன்னா சார், வூட்ல பசங்க வெச்சு விளையாடுதா?" என்று கேட்டார். எங்கள் ஒரே பையன் படிப்பை முடித்து வெளியூருக்கு வேலைக்குப் போய் அப்போது வெகு காலம் ஆகியிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன்.

அவளுடைய கட்சி எளிமையானது. மனிதனுக்கு வரும் சளி, மூட்டுவலி, கழுத்துப்பிடிப்பு, மறதி எல்லாவற்றுக்கும் காரணம் ஏசி. பையனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் ஏசி. எனக்கு ஒருமுறை நெஞ்சு வலித்தபோதும், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், "ஏசிதான், வேற ஒண்ணும் இல்லை, ஏசிதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். டாக்டர் வாயு என்றார். வாயுவுக்கும் ஏசிதான் காரணம் என்று அவள் திரும்பி வரும்போது சொன்னாள்.

நான் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். அடிபட்ட வண்டியைச் சுற்றி வந்து, இது இந்த விபத்தில் ஆன சேதமா, இல்லை பழைய சேதத்தை இதன் தலையில் கட்டுகிறார்களா என்று சொல்வது என் வேலை. காரணம் தெரியாமல் ஒரு பம்பருக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டில் மட்டும் எந்த ஆதாரமும் இல்லாமல் தினம் ஒரு கிளைம் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் நிராகரித்தேன்.

இந்த வருஷம் கோடை தொடங்கும்போதே எனக்கு முழங்கால் வலி வந்தது. மாடவீதி மருந்துக்கடையில் நானாகவே மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். வலி போய்விட்டது. மாத்திரையை நான் விடவில்லை. வெறும் வயிற்றில் காப்பியோடு போட்டால் சீக்கிரம் கேட்கிறது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. உள்ளே குடல் புண்ணாகி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை லஸ் முனையில், மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாம்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "வெயிலு நைனா, கொஞ்சம் குந்து" என்றார். குந்தினேன். எழுந்திருக்க முடியவில்லை. அந்த அம்மாவே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "ராத்திரி பூரா ஏசி, பகல் பூரா வெயில். ஒடம்பு என்ன பண்ணும்?" என்றாள். ஆனால் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டாள். வந்த ஆட்டோவை அவள் போகச் சொல்லியிருக்கவில்லை.

கோபாலபுரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, புண்ணைக் கண்டுபிடித்து, கசிவை நிறுத்தினார் பெரிய டாக்டர். என் உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருக்கிறது, இரண்டு பை ஏற்ற வேண்டும் என்றார்.

"பயப்படும்படியா இருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"இப்ப இல்லைம்மா. ஆனா புண்ணு மறுபடி கசிஞ்சா கையில ஒண்ணும் மிச்சம் இருக்காது. ஹார்ட் தாங்காது. ரத்தம் ஏத்தியே ஆகணும்."

செய்தி உறவுக்குள் பரவியது. நங்கநல்லூரிலிருந்து என் அத்தை பிள்ளை போன் செய்து, ரத்தம் கொடுத்தவர் சைவமா என்று விசாரித்தார். மனைவி, "உயிரோட இருக்கறவா ரத்தம். அது போறும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளை நான் மெச்சிக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் குறைவு. அது ஒன்று.

அறையில் இரண்டு கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர் இருந்தார். சைதாப்பேட்டையில் மாவு மெஷின் வைத்திருப்பவர். நாள் முழுக்க மிளகாய்த் தூளோடும் மெஷின் சூட்டோடும் இருப்பவர் என்பதால் ஏசி அறை வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார். ரிமோட் இரண்டு கட்டிலுக்கும் நடுவே சுவரில் தொங்கியது. வந்த அன்றே இருபத்திரண்டில் வைத்தோம், இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில். என் வாழ்க்கையில் ஏசி விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் கூட்டணி அது.

மனைவி எதிர்ப்பை வேறு வகையில் தெரிவித்தாள். வீட்டிலிருந்து ஒரு சால்வை, இரண்டு கம்பளி, ஒரு குரங்குக் குல்லா கொண்டுவந்து என் தலைமாட்டில் அடுக்கினாள். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. குல்லாவை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மதியச் சாப்பாடு முடிந்து ரத்தப் பை வந்தது. நர்ஸ் என் பெயரையும் கையில் கட்டியிருந்த பட்டையையும் பையின் மேல் ஒட்டியிருந்ததையும் மாற்றி மாற்றிப் படித்துப் பார்த்தாள். நான் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மோர்ப் பாக்கெட் மாதிரி ஜில்லென்று இருந்தது. ஊசி வழியாக ஏற ஆரம்பித்ததும் நர்ஸ் சொன்னாள்:

"குளிர் எடுத்தாலோ, முதுகு வலிச்சாலோ, மூச்சு முட்டினாலோ, அரிப்பு வந்தாலோ உடனே சொல்லணும் சார். பொறுத்துக்கக் கூடாது."

நான் தலையாட்டினேன். மனைவி முந்திக்கொண்டு, "குளிரத்தான் குளிரும். இருபத்திரண்டுல வெச்சிருக்கா" என்றாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. நர்ஸ் சொன்ன எச்சரிக்கை எங்கள் வீட்டு வழக்குக்குள் போய் மாட்டிக்கொண்டது. அதற்கு மேல் குளிர் என்ற சொல்லுக்கு அந்த அறையில் ஒரே அர்த்தம்தான் இருந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. நர்ஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்து, சூடு பார்த்து, சொட்டு விழும் வேகத்தை ஏற்றிவிட்டுப் போனாள். நான் சற்றுக் கண்ணயர்ந்தேன். விழித்தபோது முதுகுத்தண்டின் ஓரமாக யாரோ ஈரத்துணியை வைத்த மாதிரி இருந்தது. பிறகு தோள். பிறகு தொடை. குளிர்கிறது என்று தெரிந்தது. தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம் மனைவி பார்க்கிறாளா என்று பார்த்தது. பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வாசல் பக்கமாகப் போன நர்ஸ் எட்டிப்பார்த்து, "குளிருதா சார்?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

யாருக்காவது இது நம்ப முடியாமல் இருக்கலாம். உடம்பில் வேறு ஒருவருடைய ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, கேள்வி கேட்பவள் அதற்கென்று படித்தவள், பதில் என் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷமாகச் சொல்லி வந்ததை ஒரு நர்ஸ் கேட்டாள் என்பதற்காக அவள் எதிரிலேயே மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடித்த பல் நிற்கவில்லை. தாடை தானாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கட்டிலின் பக்கவாட்டுக் கம்பி கடகடவென்றது. அலமாரி மேலிருந்த எவர்சில்வர் டம்ளர் தன் பங்குக்கு மூடியோடு சேர்ந்து சத்தம் போட்டது.

"ஏன்னா, குளிர்றதா?"

"இல்லை."

"கட்டில் ஆடறதே."

"மெட்ரோ வேலை நடக்கிறது."

"மெட்ரோ லஸ்லன்னா நடக்கறது!"

அவள் எழுந்தாள். குல்லா, சால்வை, கம்பளி, இன்னொரு கம்பளி என்ற வரிசையில் எல்லாம் என் மேல் ஏறின. அவள் முகத்தில் வெற்றிக் களை தெரியும் என்று எதிர்பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போடாததால் சரியாகத் தெரியவில்லை. பிறகு சுவரிலிருந்து ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தாள்.

"இன்னாமா, ஏசிய நிறுத்திட்ட? அதுக்குன்னு தான துட்டு கட்டிக்கினு இங்க படுத்துக்கினு கீறேன்?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்கோ. இவருக்கு ஏசி ஒத்துக்கலை."

மே மாதப் பிற்பகலில், மேற்கு பார்த்த அறையில், ஏசி நின்றால் என்ன ஆகும் என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சீக்கிரமே சுவரிலிருந்து அனல் வர ஆரம்பித்தது. மாவு மெஷின்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். அப்புறம் சட்டையைக் கழற்றினார். அப்புறம் தன் ஸ்கேன் உறையை எடுத்து விசிற ஆரம்பித்தார். மனைவி தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் இரண்டு கம்பளிக்கு அடியில், குரங்குக் குல்லாவோடு, தூக்கித் தூக்கிப் போடப்பட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பு வலித்தது. அதைவிட, காரணம் இல்லாத ஒரு பயம் வந்தது. ஏதோ முடியப்போகிறது என்ற மாதிரி. எனக்கு அப்படிப்பட்ட பயங்கள் வருவதில்லை. வந்தது.

அந்த நிலையிலும் என்னுள் இருந்த சர்வேயர் சும்மா இருக்கவில்லை. ஏசி நின்றுவிட்டது. அறை வேகிறது. பக்கத்தில் ஒரு மனிதர் வெற்றுடம்போடு விசிறிக்கொண்டிருக்கிறார். சேதம் குறையவில்லை, கூடிக்கொண்டு போகிறது. அப்படியென்றால் காரணம் ஏசி இல்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் கையில் கெட்டியான ஆதாரம் கிடைத்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. சிரித்தேன்.

"பா... பாத்தியா," என்றேன். "ஏசி இல்லை."

அவள் ஏதாவது பதில் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் விசிறிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கம்பியில் தொங்கிய ரத்தப் பையைப் பார்த்தாள்.

அடுத்த கணம் அவள் அறையில் இல்லை. செருப்பு கட்டிலடியிலேயே கிடந்தது. காய்கறி வண்டிக்காரரைக்கூட உரக்கக் கூப்பிடத் தெரியாதவள், அந்த மாடி முழுவதும் கேட்கும்படி "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

நர்ஸ் வந்தாள். வந்த வேகத்தில் குழாயில் இருந்த சின்ன உருளையைத் திருகிச் சொட்டை நிறுத்தினாள். ரத்தக் குழாயைக் கழற்றி, சலைன் குழாயை மாட்டினாள். கம்பளிகளை இழுத்துப் போட்டுவிட்டுச் சூடு பார்த்தாள். எனக்கு நல்ல காய்ச்சல். டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், ஓடி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டே பையின் எண்ணையும் என் கைப்பட்டையையும் ஒத்துப் பார்த்தார். ஊசி போட்டார். என்னிடமிருந்து புதிதாக ரத்தம் எடுத்து, மிச்சப் பையோடு ரத்த வங்கிக்கு அனுப்பச் சொன்னார்.

"குரூப் மாறியிருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"மாறின மாதிரி தெரியலைம்மா. ஆனா பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். குரூப் தப்பா இருந்தா ஏத்தின செல்லெல்லாம் உள்ளேயே உடையும். கிட்னி பாதிக்கும். யூரின் போகும்போது கலர் பாருங்க. டிகாஷன் கலர்ல போச்சுன்னா உடனே கூப்பிடுங்க."

மனைவி ஒரு கணம் யோசித்தாள்.

"முதல் டிகாஷனா, ரெண்டாவதா?"

டாக்டருக்குப் புரியவில்லை. அவர் வீட்டில் இன்ஸ்டன்ட் காப்பி போலிருக்கிறது. எங்கள் வீட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் உண்டு. கேள்வி நியாயமானது. "எதுவா இருந்தாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அந்த அறையில் எல்லோரும் என் சிறுநீருக்காகக் காத்திருந்தார்கள். நடுக்கம் மெல்ல அடங்கியது. ஏசியை யாரோ மறுபடி போட்டிருந்தார்கள். மாவு மெஷின்காரர் சட்டை போடவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடி, "வருதா சார்?" என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை பேர் எதிர்பார்க்கும்போது எதுவும் சுலபத்தில் வருவதில்லை. நான் தண்ணீர் கேட்டால் மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவள் விரல் சில்லிட்டிருந்தது. அவளுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை.

கடைசியில் வந்தது. அவள் பாட்டிலை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஜலம் மாதிரிதான் இருக்கு," என்றாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ரத்த வங்கியிலிருந்தும் தகவல் வந்தது. குரூப் சரி. பையில் கிருமி இருந்ததாகத் தெரியவில்லை. சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்கா?"

"இல்லை" என்றேன்.

"ஏத்தியிருக்கு," என்றாள் மனைவி. "கல்யாணம் ஆன புதுசுல தேனாம்பேட்டை சிக்னல்ல ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தேளே. தொடை எலும்புல ஆபரேஷன் ஆச்சே. அப்போ."

எனக்கு ஸ்கூட்டர் ஞாபகம் இருந்தது. அதன் சேதம் முழுவதும் ஞாபகம் இருந்தது. ரத்தம் மறந்துவிட்டது.

"உங்களுக்கு மறந்துடுச்சு, உடம்புக்கு மறக்கலை," என்றார் டாக்டர். சிவப்பணுக்களைத்தான் ஏற்றுகிறோம், ஆனால் கொடுத்தவருடைய வெள்ளையணுக்கள் கொஞ்சம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்றார். முன்பு ஒரு தடவை அந்நியருடைய வெள்ளையணுவைப் பார்த்த உடம்பு, அதை அடையாளம் கண்டு எதிர்க்க வேண்டியதைத் தயாராக வைத்திருக்கும். மறுபடி அந்த மாதிரி ஒன்று வந்தால் உடனே சண்டை. சண்டையில் ரத்தத்தில் கலக்கும் பொருள்கள் மூளைக்குச் சேதி சொல்லும். உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதை மூளையில் ஓர் இடம் தீர்மானிக்கிறது. அது அளவை மேலே ஏற்றிவிடும். ஏற்றியதும், அதுவரை சரியாக இருந்த சூடு போதாததாகிவிடும். அதனால்தான் குளிர். நடுங்கி நடுங்கி உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. வெளியே எத்தனை கம்பளி போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

மனைவி கவனமாகக் கேட்டாள். "அதாவது, உள்ள ஒரு ரிமோட் இருக்கு."

"அப்படியும் வெச்சுக்கலாம்மா."

"அதை ஏத்தி விட்டுடுத்து."

"ஆமா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏசியைப் பார்த்தேன்.

இரண்டாவது பை மறுநாள், வெள்ளையணுக்களைப் பிடித்து நிறுத்தும் ஒரு வடிகட்டி வைத்து ஏறியது. நர்ஸ் இம்முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை, மனைவியிடமே கேட்டாள். மனைவி ரிமோட்டைத் தொடவில்லை. பை காலியாகும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "ஆடுதாமா?" என்று மாவு மெஷின்காரர் கேட்டார். "ஆடலை" என்றாள். அவர் பிரிந்து போகும்போது எனக்கு நல்ல மிளகாய்த் தூள் அனுப்புவதாகச் சொன்னார். என் வயிற்றுப் புண் அவருக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று மதியம் நான் படுத்தேன். அவள் ரிமோட்டை எடுத்து, தானாகவே இருபத்திரண்டில் வைத்துவிட்டு, தனக்கு ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒரு வழியா தோத்துட்டே, ஒத்துக்கோ" என்றேன்.

எப்போதும்போல் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் கம்பளியைப் பிரித்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"நான் ஜெயிக்கவா அணைச்சேன்? ஏசியா இருந்தா அணைச்சா போயிடும். அதனாலதான் எப்பவும் ஏசி, ஏசின்னு சொல்லுவேன். அன்னிக்கும் ஏசியாவே இருக்கணும்னு வேண்டிண்டே நின்னுண்டிருந்தேன். நீங்க சிரிச்சுண்டே ஏசி இல்லைன்னேள்."

பையனின் காய்ச்சல், என் நெஞ்சு வலி, ஆட்டோவில் அவள் சொல்லிக்கொண்டே வந்தது எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. நான் நிராகரித்த கிளைம் ஒவ்வொன்றும் பயம் என்று எனக்கு இத்தனை காலம் தெரியவில்லை.

ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தேன். கத்திரி வெயிலில் இரண்டு பேரும் படுத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வியர்த்திருந்தது.